ஒரே பேர், ஒரே சம்பளம், அப்புறம் என்ன குறை? சமச் சம்பளச் சட்டம் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். இப்போது டவுனில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். சம்பளத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு "இதுல என்னென்ன பிடிச்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்லு பிள்ளை" என்று வருகிறவர்கள் நிறையப் பேர். பார்த்துச் சொல்லி முடித்ததும் பேச்சு எப்படியோ ஆண் சம்பளம், பெண் சம்பளம் என்று போய்விடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் கிடைக்க வலுவான புதுச் சட்டம் வேண்டும் என்று நான் சொல்வேன், அதற்கு வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானே? பிறகு எதற்குப் புதுச் சட்டம்?

நாட்சம்பளம் ஒன்றுதான், அதை யாரும் மறுக்கவில்லை. 2024 செப்டம்பரில் வந்த வர்த்தமானிப்படி (அரசிதழ்) அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, அதில் ஆண், பெண் என்று பிரிவு இல்லை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வருவதற்கு அரசாங்கம் 200 சேர்த்துத் தரும் என்று முன்மொழிந்தார்கள். அதிலும் பிரிவு இல்லை.

ஆனால் சம்பளம் 'பேரு'க்குத்தான். பேர் என்றால் புத்தகத்தில் பதியும் ஒரு நாள் வேலை, அந்த ஒரு பேர் எதைச் செய்தால் விழும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கவ்வாத்து வெட்டுகிறவருக்கு (தேயிலைச் செடியைக் கத்தரிப்பவர்), கான் (வடிகால்) வெட்டுகிறவருக்கு, மருந்து அடிக்கிறவருக்குக் கணக்கு வேலை, அதாவது இவ்வளவு என்று அளந்து கொடுத்த வேலை. கணக்கு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், பல தோட்டங்களில் பகல் ஒரு மணிக்கெல்லாம் ஆண்கள் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கொழுந்து எடுக்கிற பெண் காலை ஏழரைக்கு நிரை (செடி வரிசை) பிடித்தால் அந்திக் கொழுந்தின் நிறுவை முடியும்வரை மலையில் நிற்க வேண்டும், அதோடு அன்றைக்குக் குறித்த கிலோவும் காட்ட வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். ஏழரையிலிருந்து ஒரு மணி வரை ஐந்தரை மணித்தியாலம், அந்த 1,350ஐ வகுத்தால் மணிக்கு 245 ரூபாய். ஏழரையிலிருந்து நாலரை வரை, பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் எட்டு, அப்போது மணிக்கு 169. வர்த்தமானியில் சமமாக இருக்கிற சம்பளம் கடிகாரத்தில் 76 ரூபாய் குறைந்துவிடுகிறது. இப்போதைய சட்டம் தொகையை மட்டும் பார்க்கிறது, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எனக்குள்ள பிரச்சினை அதுதான்.

இந்தச் சமச் சம்பளம் எப்போது வந்தது?

1984இல். அதற்கு முன்னால் சட்டமே வேற்றுமையை எழுதி வைத்திருந்தது. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் வந்த முதல் கூலி விகிதத்தில் மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்த பிறகும் பெண்ணுக்குக் குறைவு என்கிற வழக்கம் போகவில்லை. 1984 ஏப்ரலில் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தில்தான் அது முடிவுக்கு வந்தது. அப்போது சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவையில் ஓர் அமைச்சர், இன்னொரு பக்கம் வேலைநிறுத்தத்தின் முன்னணியிலும் அவர்தான்.

என் பாட்டி இரண்டு சம்பளத்தையும் வாங்கியவர். "ஒரு மாசம் தாத்தா சம்பளமும் எஞ் சம்பளமும் ஒண்ணா வந்திச்சு, தாத்தா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு" என்று சொல்லிச் சிரிப்பார். இதில் இன்னொரு விஷயம் உண்டு: பாட்டியின் சம்பளத்தை ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தவரும் தாத்தாதான். அப்போது அதுதான் வழக்கம்.

ஆண்கள் செய்வது கஷ்டமான வேலை இல்லையா? கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

கஷ்டம்தான். என் அப்பாவின் தோள் கவ்வாத்தில்தான் போனது. மருந்து அடிக்கிறவர்கள் மூச்சில் எதை இழுக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆண்களுக்கு வேலை நேரத்தைக் கூட்டு என்று இங்கே யாரும் கேட்கவில்லை, தயவுசெய்து அப்படி யாரிடமும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். சரிவான மலையில் அட்டைக் கடியோடு, இடுப்பில் படங்குத் துணி கட்டி, கூடையைத் தலையில் மாட்டி எட்டு மணித்தியாலம் நிற்பதும் கஷ்டம் என்றால், அந்தக் கஷ்டத்தை யார் அளந்தது? கவ்வாத்துக்கு ஒரு கணக்கு வைத்து, முடித்தால் போகலாம் என்று வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கொழுந்துக்கு அப்படி வைக்க ஏன் தோன்றவில்லை? கிலோ நிறைந்ததும் போகலாம் என்று வைக்கலாம், ஆனால் வைக்க மாட்டார்கள். நிறைந்த பிறகும் மேலதிக கிலோ எடு, கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்பார்கள். பெண்ணின் வேலைக்குத் தரையும் கூரையும் கிலோதான், அதற்கு மேல் நேரமும் சேர்ந்துகொள்கிறது.

தராசில் நடப்பதெல்லாம் சட்டத்துக்குள் வருமா?

வர வேண்டும் என்பதுதான் என் கட்சி. என் சித்தி கதையைச் சொல்கிறேன், தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

அந்த மலையில் அன்றைக்கு ஒரு முழுப் பேருக்கு 18 கிலோ. மழை நாள். காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து என்று மூன்று நிறுவை, ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒரு கிலோ கழிவு. சித்தி எடுத்தது 20 கிலோ, தராசில் நின்று அவரே பார்த்திருக்கிறார். புத்தகத்தில் விழுந்தது 17. கிலோ காணாததால் அரைப் பேர். "தண்ணிய நானா ஊத்தினேன்?" என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கேட்டதற்கு, வேலையை மேற்பார்க்கும் கங்காணி, "மேல கேளுங்க அக்கா, எனக்குச் சொன்னதை நான் எழுதுறேன்" என்றாராம். மேலே கேட்க யார் போவது, அந்தி ஐந்து மணி, வீட்டில் இன்னும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

ஒரு கிலோ குறைந்ததற்கு 675 ரூபாய் போனது. ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதியும் அந்த அரைச் சம்பளத்துக்குத்தான் கட்டுப்படும், ஆக வேலையை விட்ட பிறகு கிடைக்கப்போகும் காசிலும் அந்த மழை நாள் இருக்கும். இதே நாளில் சித்தப்பா கான் வெட்டி முடித்து முழுப் பேரோடு வீட்டில் இருந்தார். நிறுவையும் கழிவும் அரைப் பேரும் கொழுந்து வேலையில்தான் இருக்கின்றன, கொழுந்து மலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுதும்போது ஆண், பெண் என்று எழுதாவிட்டாலும் விழுவது பெண்ணின் தலையில். வெளிநாட்டுச் சட்டங்கள் இதை மறைமுகப் பாகுபாடு என்று தனியாகவே பேசுகின்றன.

'சம வேலைக்குச் சமச் சம்பளம்', 'சம பெறுமதியுள்ள வேலைக்குச் சமச் சம்பளம்': இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, விஷயமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதலாவது, ஒரே வேலையைச் செய்யும் இருவரை ஒப்பிடுவது. ஆணும் கொழுந்து எடுத்தால், இருவருக்கும் ஒரே சம்பளமா என்று பார்க்கலாம். ஆணுக்கு ஒரு வேலை, பெண்ணுக்கு வேறு வேலை என்று பிரித்து வைத்துவிட்டால் ஒப்பிட ஆளே இல்லை, சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது, வேறு வேறு வேலைகளையும் தராசில் வைக்கச் சொல்கிறது: எவ்வளவு திறமை, எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பொறுப்பு, எப்படிப்பட்ட சூழல்.

சர்வதேச தொழில் அமைப்பின் 1951ஆம் ஆண்டுச் சமவாயம், 100ஆம் இலக்கம், பேசுவது இந்த இரண்டாவதைத்தான். இலங்கை அதை 1993இல் ஏற்றுக் கையெழுத்துப் போட்டது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது, சம பெறுமதியுள்ள வேலைக்குச் சமச் சம்பளம் கொடு என்று எல்லா முதலாளிகளுக்கும் சொல்கிற தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை.

இது நடைமுறைக்கு வராத பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகர சபையின் கதையைச் சொல்வேன். குப்பை அள்ளுகிற ஆண்களுக்கு போனஸ் கொடுத்தார்கள், அதே தரத்தில் இருந்த சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைப் பெண்களுக்கு இல்லை. 2012இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பெண்கள் வென்றார்கள். சபை நூறு கோடி பவுணுக்கு மேல் கொடுத்தது. அதோடு முடியவில்லை. குப்பை வண்டிக்காரர்கள் சுற்று முடிந்ததும் முழுச் சம்பளத்தோடு நேரத்தோடே வீட்டுக்குப் போகிறார்கள், எங்களுக்கு அந்தச் சலுகை இல்லையே என்று மறுபடியும் கோரிக்கை கிளம்பியது. இதை முதன்முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன், அது நம்ம கணக்கு வேலையேதான்! 2023 செப்டம்பரில், சமச் சம்பளக் கடன் 760 மில்லியன் பவுண் வரை போகலாம் என்ற மதிப்பீட்டோடு, அத்தியாவசியம் தவிர வேறு செலவே செய்ய முடியாது என்று சபை அறிவித்தது. சபையின் தவறுகள் வேறும் உண்டு, அது அவர்கள் பாடு. நமக்குத் தேவையானது ஒன்றுதான்: நேரத்தோடே வீட்டுக்குப் போவதும் சம்பளத்தின் ஒரு பகுதி என்று வாதாட அங்கே சட்டத்தில் இடமிருந்தது.

நம் அரசியலமைப்பிலேயே சமத்துவம் இருக்கிறதே, அது போதாதா?

12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, உண்மை. மீறினால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடலாம், ஒரு மாதத்துக்குள். ஆனால் அது அரசாங்கத்தின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். தனியார் கம்பனியின் சின்னத்துரைக்கோ (தோட்டத்து உதவி மனேஜர்) கடை முதலாளிக்கோ எதிராக அந்தக் கதவு திறக்காது. அரசாங்க ஆசிரியைக்கும் ஆசிரியருக்கும் ஒரே சுற்றறிக்கைப்படி சம்பளம், அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கவலைப்பட வேண்டியவர்களுக்குத்தான் கதவு இல்லை.

தோட்டத்துக்கு வெளியே, கடை கண்ணிகளில் எப்படி?

அங்கே தோட்டத்தைவிட மோசம் என்பேன், ஏனென்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாருடைய சம்பளமும் தெரியும். கடையில் பக்கத்தில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேட்பதே குற்றம் மாதிரி.

நான் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். ஒரே மாதத்தில் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் வேலைக்குச் சேர்ந்தார்கள். இருவரும் ஏ.எல். (உயர்தரம்) முடித்தவர்கள், ஒரே தளத்தில் புடவை மடிக்கிறவர்கள். தம்பிக்கு நாலாயிரம் கூட. முதலாளியிடம் கேட்டேன். "அவன் குடும்பத்தைப் பார்க்கணுமில்லையா" என்றார். அந்தத் தங்கைக்கு அப்பா இல்லை, அம்மாவையும் இரண்டு தம்பிமாரையும் அவள்தான் பார்த்தாள், கடைத் தம்பியோ சம்பளத்தை போன் வாங்கச் சேர்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. மாதம் மாதம் அந்த இரண்டு தொகையையும் என் கையெழுத்தில்தான் புத்தகத்தில் எழுதினேன், இரண்டு வருஷம். அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண்ணுக்கு இதே கதைதான். டயர் ஆலையில் ஏறக்குறைய இருபது வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். அதே வேலை செய்த ஆண்களைவிடத் தனக்குக் குறைவு என்பது யாரோ பெயர் போடாமல் வைத்த ஒரு துண்டுச் சீட்டில்தான் தெரிந்தது. வழக்குப் போட்டார். சம்பளம் முதலில் குறைக்கப்பட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று 2007இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. தெரியாத விஷயத்துக்கு 180 நாளுக்குள் எப்படி வழக்குப் போடுவது? 2009இல் அவர் பெயரிலேயே வந்த சட்டம் அதை மாற்றியது: குறைந்த சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் காலம் புதிதாகத் தொடங்கும். அவருக்கு அந்த வழக்கில் ஒரு டொலர்கூடக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் வலுவான சட்டத்தில் என்னதான் இருக்க வேண்டும்?

முதலில் சம பெறுமதி என்ற சொல், தனியார் துறைக்கும் சேர்த்து. அப்புறம் சம்பளத்தைத் திறந்து வைப்பது. பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள் 2017இலிருந்து ஆண், பெண் சம்பள இடைவெளியை வெளியிட வேண்டும். ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி போனது: 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 25 பேர் இருந்தாலே, நான் சமமாகத்தான் கொடுக்கிறேன் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட விதி வேலைக்கு எடுக்கும் முன்பே சம்பளம் எவ்வளவு என்று சொல்லச் சொல்கிறது, பழைய இடத்தில் என்ன வாங்கினாய் என்று கேட்பதைத் தடுக்கிறது, சம்பளத்தை வெளியே சொல்லாதே என்று ஒப்பந்தத்தில் எழுதுவதையும் தடுக்கிறது.

நமக்கு இவற்றோடு இன்னும் இரண்டு வேண்டும். ஒரு பேருக்குரிய கிலோவும் நேரமும் கழிவும் துரையின் இஷ்டத்தில் இல்லாமல், ஆண் வேலைக்குரிய கணக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சம்பளச் சபையில் முடிவாக வேண்டும். முறைப்பாடு கொடுத்தவளை மறுநாள் தூர மலைக்குப் போடுவதற்கும் தண்டனை வேண்டும், தோட்டத்தில் பழிவாங்கல் அந்த வடிவத்தில்தான் வரும்.

சட்டம் இறுகினால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்களே?

இந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பிரசவ லீவு 84 வேலை நாள், 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84. அந்தச் சம்பளம் முதலாளியின் பையிலிருந்துதான் போகிறது. சின்னக் கடைக்காரர் கணக்குப் பார்த்துப் பையனை எடுக்கிறார். அதற்கு மருந்து பிரசவச் செலவைப் பொது நிதியொன்றிலிருந்து கொடுப்பது, பல நாடுகள் சமூகக் காப்புறுதி வழியாக அப்படித்தான் கொடுக்கின்றன. பெண்ணுக்குச் சம்பளத்தைக் குறைத்து அந்தச் செலவை அவளிடமே அறவிடுவது என்ன நியாயம்? தோட்டத்தைப் பொறுத்தவரை இந்தப் பயமே வேண்டாம், பெண்கள் நாளைக்கு வராவிட்டால் நாளன்றைக்குத் தொழிற்சாலைக்குக் கொழுந்து இல்லை.

குறைந்தபட்சச் சம்பளம் கூடிக்கொண்டுதானே வருகிறது?

வருகிறது, நல்லது. 2016 சட்டத்தில் மாதம் 10,000 ஆக இருந்தது, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அடியில் இருப்பவர்களில் பெண்கள் அதிகம் என்பதால் இடைவெளி கொஞ்சம் குறையும். ஆனால் கடைத் தம்பிக்குக் கூடுதலாகப் போன அந்த நாலாயிரம் இந்தக் கோட்டுக்கு மேலே நடக்கிற விஷயம். இன்னொன்று, 2016இல் இந்தச் சட்டம் வந்தபோது வீட்டு வேலைக்காரர்களை அதற்கு வெளியேதான் விட்டிருந்தார்கள். நம் லயங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்குப் போன பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

இப்போது தேயிலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறார்களே, அங்கே சமச் சம்பளம் எப்படி?

அங்கே சம்பளமே இல்லை, அதுதான் சிக்கல். இத்தனை செடி உனக்கு, பராமரித்துக் கொழுந்தைக் கொடு, கிலோவுக்கு இவ்வளவு என்று சில கம்பனிகள் கொடுக்கின்றன. சுதந்திரமாக இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு, நேரத்துக்குப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடம்) போக வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் பெரும்பாலும் பதிவு புருஷன் பெயரில், காசு அவர் கணக்கில், கொழுந்து எடுப்பது மனைவி. அவளுக்குச் செக்ரோலில் (வரவுப் பதிவேட்டில்) பேர் விழாது. பேர் இல்லையென்றால் சேமலாப நிதி இல்லை, பிரசவப் பணம் இல்லை, சேர்விஸ் காசு (பணிக்கொடை) இல்லை. 1929இல் 43 சதமாவது அவள் பெயரில் எழுதினார்கள். எழுதப்போகும் சட்டம் இந்த முறையையும் வேலை என்று எண்ணாவிட்டால், சமச் சம்பளம் கொடுக்க ஆளில்லாத சட்டமாகப் போகும்.

சங்கங்கள் இதைப் பேசாதா?

நாட்சம்பளத்தைப் பேசும், மேடையில் நன்றாகவே பேசும். கிலோவும் கழிவும் அரைப் பேரும் தோட்ட மட்டத்து விஷயம் என்று தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் விட்டுவிடும், தலைவர் ஆண், அவர் வீட்டுக்கு ஒரு மணிக்கு வந்துவிட்டார். கேலி இல்லை, கூட்டம் வைக்கிற நேரத்தைப் பார்த்தாலே தெரியும். 2015இல் கேரளத்து மூணாறில் நம்மைப் போலத் தமிழ் பேசும் கொழுந்துப் பெண்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்று சேர்ந்து 20 சதவீத போனஸ் கேட்டு வீதியில் உட்கார்ந்தார்கள். கம்பனியோடு மட்டுமில்லை, சந்தா வாங்கிய சங்கங்களோடும் அவர்களுக்குச் சண்டை. ஆண் தலைவர்களை மேடைக்கு விடவில்லை.

சட்டம் வரும்வரை நான் என்ன செய்யலாம்?

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டியது எவ்வளவு, புத்தகத்தில் விழுந்தது எவ்வளவு, கழிவு என்று சொன்னது எவ்வளவு, அன்றைக்கு ஆண்கள் எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள், அடுப்புப் பற்றவைக்கவும் கொடுக்காதீர்கள். பேர் குறைத்திருந்தால், சேமலாப நிதி கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். நாலைந்து பேராகப் போவது நல்லது, தனியாகப் போனால் பஸ்ஸில் வரும்போதே செய்தி துரைக்குப் போயிருக்கும். வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் தவணை.

சித்தியின் கொப்பி இப்போது நாலாவது மாதம். அவர் எழுத ஆரம்பித்த பிறகு அந்த மடுவத்தில் ஈரக் கழிவு அரைக் கிலோவாக இறங்கியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் கங்காணி, "இப்ப மழை குறைவுதானே அக்கா" என்கிறாராம்.